மூளையில் அடிபட்டவர் கொலை செய்தால் குற்றவாளியா? க்ரைம் தொடர் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

டிவி க்ரைம் தொடர்களில் இது இப்போது ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது. சாதுவான ஒருவர் விபத்தில் சிக்குகிறார், பிழைக்கிறார், சில மாதங்கள் கழித்து யாரையோ கொன்றுவிடுகிறார். கடைசி எபிசோடில் அவருடைய வக்கீல் ஒரு ஸ்கேன் படத்தை நீதிமன்றத் திரையில் போடுகிறார். எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். தொடர் முடிந்ததும் பார்த்தவர்களுக்குள் சண்டை தொடங்குகிறது: கொன்றது அவரா, அவர் மூளையா?

அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தத் தொடரின் பெயரையும் சொல்லப் போவதில்லை, முடிவு தெரிந்துவிடுமோ என்று பயப்படாமல் படிக்கலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் எந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேன் படத்தைக் காட்டியதும் வழக்கு முடிந்துவிடுமா?

முடியாது. ஸ்கேன் எடுத்தது கைதான பிறகு. கொலை நடந்தது அதற்கு முன்பு. மூளையின் இந்த இடத்தில் சேதம் இருக்கிறது என்று படம் சொல்லும். நீதிமன்றம் கேட்பதோ, அந்தச் செயலைச் செய்த நேரத்தில் இந்த மனிதருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன புரிந்திருந்தது என்பதை. முதல் விஷயத்திலிருந்து இரண்டாவதற்கு நேராகப் போக வழி கிடையாது. அன்றைக்கு அவர் எப்படி நடந்துகொண்டார், கத்தியை ஒளித்து வைத்தாரா, ஓடினாரா, யாரிடமாவது பேசினாரா, அதற்கு முந்தைய மாதங்களில் வீட்டில் எப்படி இருந்தார் என்பதையெல்லாம் வைத்துத்தான் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் 1991-ல் நியூயார்க்கில் நடந்த வைன்ஸ்டீன் வழக்கு. 65 வயது, ஓய்வுபெற்ற விளம்பரத் துறை அதிகாரி. மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்று, 12-வது மாடியிலிருந்து கீழே தள்ளினார். அவர் மூளையின் முன்பக்கத்தை ஒரு பெரிய நீர்க்கட்டி அழுத்திக்கொண்டிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. நீதிபதி என்ன செய்தார் தெரியுமா? படத்தைக் காட்டலாம், கட்டி இருக்கிறது என்று நிபுணர் சொல்லலாம், ஆனால் இப்படிப்பட்ட கட்டி வன்முறையை உண்டாக்கும் என்று சொல்லக் கூடாது, அதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்றார். அதன் பிறகு வழக்கு ஜூரிவரை போகவே இல்லை. கொலையைவிடக் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொள்ள வைன்ஸ்டீன் சம்மதித்தார், அரசுத் தரப்பும் ஏற்றுக்கொண்டது. ஆக, ஸ்கேன் தீர்ப்பை மாற்றவில்லை, பேரத்தை மாற்றியது. நிஜ வழக்குகளில் அதன் பலம் பெரும்பாலும் இப்படித்தான், வெளியே தெரியாமல் வேலை செய்யும். டிவியில் காட்ட இது அவ்வளவு சுவாரசியமாக இருக்காது என்பது உண்மைதான்.

சிவப்பும் மஞ்சளுமாக மூளை ஒளிர்கிறதே, அது கண்ணால் பார்க்கிற ஆதாரம்தானே?

அந்த நிறங்கள் மூளையில் இல்லை, கணக்கில் இருக்கின்றன. எஃப்எம்ஆர்ஐ என்னும் ஸ்கேன், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எப்படி மாறுகிறது என்பதை அளக்கிறது. எந்த அளவுக்கு மேலே போனால் வண்ணம் பூசுவது என்பதை ஆராய்ச்சியாளர்தான் தீர்மானிக்கிறார். 2009-ல் ஒரு குழு, கணக்கில் கவனமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக ஒரு செத்த சால்மன் மீனை இயந்திரத்துக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டியது. மீனின் மூளையில் 'செயல்பாடு' தெரிந்தது! வேடிக்கைக்காகச் செய்ததுபோல் தோன்றினாலும், குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. எந்தத் தொடரிலாவது இந்த மீன் வந்தால் கைதட்டுவேன்.

சாதாரண எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் விஷயம் வேறு. கட்டியோ, ரத்தக் கசிவோ, சிதைந்த திசுவோ இருந்தால் அவை காட்டுவது நிஜமான சேதம். அங்கே சேதம் இருக்கிறதா என்பதில் சண்டை வராது, அதனால் என்ன ஆனது என்பதில்தான் வரும்.

தொடர்களில் எப்போதும் முன்மூளைதான் அடிபடுகிறது. ஏன்?

கதாசிரியர்கள் சரியாகப் பிடித்திருக்கும் சில விஷயங்களில் இது ஒன்று. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, குறிப்பாகக் கண்குழிகளுக்கு மேலே உள்ள அடிப்பாகம், ஆசையையும் கோபத்தையும் அடக்குவது, விளைவை யோசிப்பது, எதிரில் இருப்பவரின் மனநிலையை உணர்வது ஆகியவற்றில் பெரிய பங்கு வகிக்கிறது. தலை வேகமாக மோதி நிற்கும்போது இந்தப் பகுதி மண்டையோட்டின் கரடுமுரடான உட்புறத்தில் உரசுவதால் வாகன விபத்துகளில் சுலபமாகக் காயமும் படுகிறது.

ஆனால் 'குற்றத்துக்கான இடம்' என்று ஒன்று மூளையில் இல்லை. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூளைச் சேதத்துக்குப் பிறகு குற்றச் செயலில் இறங்கிய 17 பேரை எடுத்துக்கொண்டது. சேதம் ஒருவருக்கு ஓர் இடத்தில், இன்னொருவருக்கு வேறு இடத்தில். ஒரே இடம் எல்லோருக்கும் பொதுவாக இல்லை. ஆனால் அந்த இடங்களெல்லாம் ஒரே வலைப்பின்னலோடு தொடர்புள்ளவையாக இருந்தன. ஒழுக்கம் சார்ந்த முடிவுகள் எடுக்கும்போது வேலை செய்யும் வலைப்பின்னல் அது. சரி, அதே இடத்தில் சேதம் வந்தும் ஒரு தப்பும் செய்யாதவர்கள்? அவர்கள்தான் பெரும்பான்மை.

ஃபினியஸ் கேஜ் கதையை எல்லாத் தொடரிலும் ஒரு டாக்டர் சொல்கிறாரே, அது உண்மையா?

விபத்து உண்மை. 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்ற ஊர். ரயில்பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வேலையில் 25 வயது மேஸ்திரி கேஜ். வெடிமருந்தைக் கிட்டிக்கும் இரும்புக் கம்பி, ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், சுமார் 6 கிலோ எடை, இடது கன்னத்துக்குள் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே பறந்தது. சில நிமிடங்களில் எழுந்து பேசினார். பிழைத்தார். ஆனால் குணம் மாறிப்போனது, நண்பர்கள் இவர் பழைய கேஜ் இல்லை என்றார்கள் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் ஹார்லோ எழுதி வைத்தார்.

தொடர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். அப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை. கேஜ் யாரையும் கொல்லவில்லை. சிலி நாட்டுக்குப் போய் பல வருடங்கள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளைக் கையாண்டு, பயணிகளைச் சமாளித்து, நேரத்துக்கு வண்டி எடுக்க வேண்டிய வேலை. முன்மூளை போன மனிதர் செய்கிற வேலை இல்லையே என்று தோன்றும். ஒழுங்கான, தினமும் ஒரேமாதிரியான வேலை அவரை ஓரளவு தேற்றியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வலிப்பு வந்து 1860-ல் இறந்தார். கொலைகாரனுக்காக வாதாடும் வக்கீல் கேஜை இழுத்தால், எதிர்த்தரப்பு சிலியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

தப்பு என்று தெரிந்தும் தன்னை நிறுத்த முடியாதவரைச் சட்டம் என்ன செய்யும்?

இந்த வகைத் தொடர்களின் மையமே இந்தக் கேள்விதான். பாதித் தொடர்கள் இதைத் தொடாமலே போய்விடுகின்றன.

முதலில் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1843-ல் லண்டனில் டேனியல் மக்நாட்டன் என்பவர், தன்னை அரசாங்கம் துரத்துகிறது என்ற பிரமையில் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். ஜூரி அவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று விடுவித்தது. நாடே கொதித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டுக் கேட்க, அவர்கள் ஒரு விதியைச் சொன்னார்கள்: மனநோயால் ஏற்பட்ட அறிவுக் குறையால், தான் என்ன செய்கிறோம் என்பதே தெரியாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது அது தப்பு என்று தெரியாமல் இருந்திருக்க வேண்டும்.

கவனித்தீர்களா, இரண்டுமே 'தெரிவது' பற்றியவை. கட்டுப்பாடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் 84-வது பிரிவாக இதை எடுத்துக்கொண்டது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-வது பிரிவாக அதே ஏற்பாடு தொடர்கிறது. மருத்துவர் பார்வையில் மனநிலை பாதிப்பு இருந்தால் மட்டும் போதாது, சட்டம் சொல்கிற அளவுக்கு அது இருந்திருக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

இப்போது முன்மூளை சேதமடைந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். திருடுவது தப்பா என்று கேட்டால் 'தப்பு' என்பார். ஏன் தப்பு என்று விளக்கவும் செய்வார். ஐந்து நிமிடம் கழித்து எதிரே இருக்கும் பொருளை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். அறிவு அப்படியே இருக்கிறது, பிரேக்தான் வேலை செய்யவில்லை. மக்நாட்டன் விதிப்படி இவர் முழுப் பொறுப்புள்ளவர். 1843-ல் நீதிபதிகள் மனதில் வைத்திருந்தது பிரமை பிடித்தவரை, இவரை அல்ல.

இந்த ஓட்டையை அடைக்க முயற்சிகள் நடந்தன. அமெரிக்காவின் அலபாமாவில் 1887-லேயே, அடக்க முடியாத உந்துதலையும் கணக்கில் எடுக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. 1962-ல் அமெரிக்கச் சட்ட நிறுவனம் தயாரித்த மாதிரிச் சட்டம், நடத்தையைச் சட்டத்துக்கு ஏற்பக் கட்டுப்படுத்தும் திறன் பெருமளவு இல்லாதவரும் பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்றது. பல மாநிலங்கள் ஏற்றன. பிறகு 1981-ல் ஜான் ஹிங்க்லி அதிபர் ரீகனைச் சுட்டார். அடுத்த வருடம் புத்தி சுவாதீனம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார். அந்த விசாரணையில் மூளையின் சிடி ஸ்கேனும் சாட்சியமாக வைக்கப்பட்டது. மக்கள் கோபம் வெடித்தது. 1984-ல் மத்தியச் சட்டத்திலிருந்து 'கட்டுப்படுத்த முடியவில்லை' என்ற வாதமே நீக்கப்பட்டது. மூளை அறிவியல் வேகமாக வளரத் தொடங்கிய காலத்தில் சட்டம் 1843 பக்கம் திரும்பியது. சிங்கப்பூர் எதிர்த்திசையில் போனது. 2019-ல் செய்த திருத்தத்தில், தன் செயலைக் கட்டுப்படுத்தும் சக்தி முழுவதுமாக இல்லாமல் போனவருக்கும் இடம் கொடுத்தது. 'முழுவதுமாக' என்ற சொல் அங்கே எவ்வளவு பேரை உள்ளே விடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து ஒரு நடுவழி வைத்திருக்கிறது. 1957 சட்டத்தில் வந்து 2009-ல் திருத்தப்பட்ட 'குறைந்த பொறுப்பு' என்ற வாதம். மருத்துவம் ஏற்றுக்கொண்ட ஒரு கோளாறு, தன்னைக் கட்டுப்படுத்தும் திறனைக் கணிசமாகப் பாதித்து, அதுவே செயலுக்கும் காரணமாக இருந்தால், கொலைக்குற்றம் ஒரு படி குறையும். விடுதலை இல்லை, ஆனால் கட்டாய ஆயுள் தண்டனையும் இல்லை. கொலை வழக்கில் மட்டும்தான் இது செல்லும். முன்மூளைக் காயம் உள்ளவருக்கு உண்மையில் பொருந்துகிற கதவு இதுதான் என்பது என் எண்ணம். இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு கதவு இல்லை.

கட்டுப்பாடு சம்பந்தமாக நீதிமன்றங்களில் ஒரு பழைய கேள்வி உண்டு: பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தால் இவர் இதைச் செய்திருப்பாரா? செய்திருக்க மாட்டார் என்றால் கட்டுப்பாடு இருந்தது என்று அர்த்தம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்மூளைக் காயக்காரர்களோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று, இப்போது இது, அடுத்து அது என்று சொல்லிக்கொண்டிருந்தால் இவர்களில் பலர் ஒழுங்காகவே இருப்பார்கள். தனியாக விட்டால்தான் சிக்கல். அதாவது அந்தப் போலீஸ்காரரே அவர்களுக்கு இல்லாமல் போன முன்மூளையாக இருந்துவிடுகிறார். மருத்துவர் அறையில் எல்லாத் தேர்விலும் தேறிவிட்டு வாழ்க்கையில் தோற்பதும் இதனால்தான்.

1985-ல் மருத்துவ இதழில் வெளியான ஒரு நோயாளியின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். முன்மூளைக் கட்டியை அகற்றிய பிறகும் அவருடைய புத்திக்கூர்மை சராசரிக்கு மேலே இருந்தது. ஆனால் வேலை போனது, சேமிப்பு போனது, கல்யாணம் முறிந்தது, எந்த உணவகத்துக்குப் போவது என்று முடிவெடுக்கவே மணிக்கணக்கு ஆனது. அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால், 'இவ்வளவு புத்திசாலி, இவருக்கா மூளைக் கோளாறு?' என்று அரசு வக்கீல் கேட்டிருப்பார், ஜூரியும் தலையாட்டியிருக்கும்.

மூளைக் கட்டியை எடுத்ததும் கெட்டவர் நல்லவராகிவிடுவது சினிமாத்தனம் இல்லையா?

நடந்திருக்கிறது. 2000-ம் வருடம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 40 வயது ஆசிரியர் ஒருவருக்கு முன்பு இல்லாத வகையில் குழந்தைகள் மீது பாலியல் நாட்டம் தோன்றி, குற்றத்திலும் முடிந்தது. தண்டனை அறிவிப்பதற்கு முந்தின நாள் இரவு தாங்க முடியாத தலைவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்குழிக்கு மேலே, வலது பக்க முன்மூளையில் பெரிய கட்டி. எடுத்ததும் நாட்டம் மறைந்தது. சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. மறுபடி ஸ்கேன் செய்தால் கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி மறைந்தது. கட்டிதான் காரணம் என்று சொல்ல இதைவிடத் தெளிவான வரிசை கிடைப்பது அபூர்வம்.

இருந்தாலும் பாருங்கள், தான் செய்வது தப்பு என்று அவருக்கு முழுக்கத் தெரிந்திருந்தது. மறைத்து மறைத்துத்தான் செய்தார். அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு வந்தது கட்டி தெரியவருவதற்கு முன்பு. முன்பே தெரிந்திருந்தாலும் மக்நாட்டன் விதி அவரைக் காப்பாற்றியிருக்காது.

இன்னொரு பிரபலமான கட்டி, சார்ல்ஸ் விட்மனுடையது. 1966 ஆகஸ்ட் 1 அன்று தாயையும் மனைவியையும் கொன்றுவிட்டு, டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறிக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டார். தன் மூளையைப் பரிசோதிக்கும்படி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். பிரேதப் பரிசோதனையில் கட்டி இருந்தது. ஆளுநர் அமைத்த குழு, கட்டிக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக நிறுவ முடியாது, ஆனால் பங்கு இருந்திருக்கலாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. போலீஸ் சுட்டு அன்றே இறந்ததால் எந்த நீதிமன்றமும் முடிவு சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டியை எடுத்துப் பார்க்க, மறுபடி வளர்கிறதா என்று காத்திருக்க வாய்ப்பே இல்லாத வழக்கு அது. பெரும்பாலான வழக்குகள் வர்ஜீனியா ஆசிரியரைப் போல இருப்பதில்லை, விட்மனைப் போலத்தான் இருக்கும்.

'எனக்கு எதுவுமே நினைவில்லை' என்றால் தப்பிக்கலாமா?

தப்பிக்க முடியாது. செய்த நேரத்தில் புத்தி தெளிவாக இருந்து, பிறகு மறந்துபோனால் பொறுப்பு அப்படியே இருக்கும். 1959-ல் லண்டனில் போலீஸ்காரரைச் சுட்ட பொடோலா, கைதாகும்போது பட்ட அடியில் நினைவு போய்விட்டது என்றார். நடிக்கிறார் என்று ஜூரி முடிவு செய்தது. மறதி உண்மையாகவே இருந்தாலும் விசாரணையை நிறுத்த அது காரணம் ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. அதே வருடம் நவம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

தலையில் இரண்டாவது தடவை அடிபட்டதும் நினைவு திரும்பும் காட்சி பற்றியும் கேட்கிறார்கள். இரண்டாவது அடி மூளையை மேலும் கெடுக்கும், அவ்வளவுதான்.

வலிப்பு வந்தபோது, தூக்கத்தில் நடந்தபோது செய்தால்?

இது வேறு கணக்கு. உடல் இயங்குகிறது, மனம் கூட இல்லை. அந்தச் செயலை 'செய்தார்' என்றே சொல்ல முடியாது என்பது வாதம். கனடாவில் 1987-ல் பார்க்ஸ் என்பவர் தூக்கத்தில் எழுந்து 23 கிலோமீட்டர் கார் ஓட்டிப்போய் மாமியாரைக் கொன்றார், மாமனாரைக் குத்தினார். பிறகு தானே காவல் நிலையத்துக்குப் போனார். ஜூரி விடுவித்தது, 1992-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இங்கிலாந்தில் இந்தப் பாதை குழப்பமானது. 1955-ல் சார்ல்சன் என்ற அப்பா, பத்து வயது மகனை மரச் சுத்தியால் அடித்து ஜன்னல் வழியாக வீசினார். மூளைக் கட்டி இருக்கலாம் என்று சாட்சியம் வந்தது, முழு விடுதலை. அடுத்த இரண்டு வருடத்துக்குள் கெம்ப் வழக்கு. மூளை ரத்தக் குழாய்கள் தடித்துப்போன ஒருவர் மனைவியைச் சுத்தியலால் தாக்கினார். நீதிபதி டெவ்லின், சட்டத்துக்கு மூளையைப் பற்றிக் கவலை இல்லை, மனதைப் பற்றித்தான் கவலை, காரணம் உடலில் இருந்தாலும் பாதிக்கப்பட்டது மனம்தான் என்றார். தீர்ப்பு, புத்தி சுவாதீனம் இல்லாதவர். ஏறக்குறைய ஒரேமாதிரி நிலை, ஒருவர் வீட்டுக்கு, ஒருவர் மனநல மருத்துவமனைக் காவலுக்கு. வலிப்பு நோயும் 1983-ல் சல்லிவன் வழக்கில் இந்த இரண்டாவது கூடையில் விழுந்தது. 'பைத்தியம்' என்ற முத்திரையும் மருத்துவமனையும் வேண்டாம் என்று சல்லிவன் குற்றத்தையே ஒப்புக்கொண்டுவிட்டார்.

நடிப்பவர்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் தொடரில் வருவதுபோல ஒரு கூரிய பார்வையால் அல்ல. ஒரு தேர்வில் 50 படங்களைக் காட்டிவிட்டு, பிறகு இரண்டிரண்டாக வைத்து எதைப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். நினைவே இல்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் 25-ஐ ஒட்டிச் சரியாக வரும். ஒருவர் 10 எடுத்தால், சரியான விடை தெரிந்துதான் தவிர்க்கிறார் என்று அர்த்தம். மோசமாக நடிக்கப்போய் மாட்டிக்கொள்கிறார்.

பொறுமைசாலிகள் ஏமாற்றியும் இருக்கிறார்கள். நியூயார்க் மாஃபியா தலைவர் வின்சென்ட் ஜிகாண்டே, குளியல் அங்கியோடு முணுமுணுத்துக்கொண்டே தெருவில் திரிந்து பல வருடங்கள் பைத்தியம்போல் நடித்தார். 2003-ல்தான் நடிப்பு என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மனநல மருத்துவர்கள் பலர் அதுவரை நம்பியிருந்தார்கள்.

விடுதலை என்றால் வீட்டுக்குப் போய்விடலாமா?

கிடையாது. மக்நாட்டன் 1865-ல் சாகும்வரை காவலில்தான் இருந்தார். ஹிங்க்லி மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து வாழ 2016 வரை ஆனது, முழுக் கட்டுப்பாடும் நீங்கியது 2022-ல். மூளைக் காயம் உள்ளவருக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. மனநோய்க்கு மருந்து கொடுத்துக் குணமானதைக் காட்டலாம். போன மூளைத் திசு திரும்பி வளராது. 'குணமானதும் விடுவோம்' என்றால் எப்போது?

மூளைக் காயம் தண்டனையைக் குறைக்குமா, கூட்டுமா?

இரண்டு பக்கமும் வெட்டும். பாவம், இவர் கையில் இல்லை என்பது குறைக்கச் சொல்கிறது. இவர் திருந்தப்போவதில்லை என்பது கூட்டச் சொல்கிறது. 2012-ல் வெளியான ஆய்வில் 181 அமெரிக்க நீதிபதிகளிடம் ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்தார்கள். குற்றவாளியின் மனநிலைக்கு உயிரியல் காரணத்தை விளக்கிய அறிக்கை இருந்தபோது சராசரித் தண்டனை 13.93 வருடத்திலிருந்து 12.83 ஆனது. குறைந்தது, ஆனால் ஒரு வருடம்தான்.

அப்படியானால் தலையில் அடிபட்டவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். இந்தத் தொடர்கள் செய்யும் பெரிய தீமையே இந்தப் பயம்தான். சுவீடனில் 35 வருடப் பதிவுகளை வைத்து 2011-ல் வந்த ஆய்வில், மூளைக் காயம் பட்டவர்களில் 8.8 சதவீதம் பேர் பிறகு வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றார்கள், மற்றவர்களில் 3 சதவீதம். இதை மட்டும் சொன்னால் பயமாகத்தான் இருக்கும். காயம் படாத சொந்தச் சகோதர சகோதரிகளோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. குடும்பச் சூழல், வளர்ப்பு, மரபு இவையெல்லாம் கணக்கில் கலந்திருந்தன. வலிப்பு நோயில் அந்த வித்தியாசம் காணாமலே போனது. 100-ல் 91 பேர் எந்த வன்முறைக் குற்றத்திலும் தண்டனை பெறவில்லை என்பதையும் அதே எண்ணில் படிக்கலாம். வியட்நாம் போரில் தலைக்காயம் பட்ட சிப்பாய்களிடம் நடந்த ஆய்விலும், முன்மூளையில் சேதம் உள்ளவர்களிடம் அதிகம் தெரிந்தது அடிதடி அல்ல, வாய்ச் சண்டை.

விளையாட்டில் பட்ட அடிகளைக் காரணம் காட்டும் வழக்குகள்?

தலையில் திரும்பத் திரும்பப் படும் அடியால் வரும் சிடிஇ என்ற மூளைச் சிதைவை உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய முடியாது. அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஆரன் ஹெர்னாண்டஸ் 2015-ல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2017-ல் 27 வயதில் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். அவர் மூளையில் அந்த வயதில் பார்த்திராத அளவுக்குச் சிதைவு இருந்தது. விசாரணையில் வைக்கவே முடியாத ஆதாரம் அது. வைத்திருந்தாலும், அதுதான் கொல்ல வைத்தது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

தொடர்கள் அதிகம் தவறவிடுவது எதை?

போலீஸ் விசாரணை அறையை. நினைவில் ஓட்டை விழுந்தால் சிலருடைய மூளை தானாகவே கதை கட்டி அதை நிரப்பும். அது பொய் இல்லை, சொல்பவர் அதை உண்மை என்றே நம்புவார். 'அப்போது கத்தியை எடுத்தாய், இல்லையா?' என்று நாலு தடவை கேட்டால், ஐந்தாவது தடவை கத்தியின் நிறத்தைக்கூடச் சொல்லிவிடுவார். சீக்கிரம் களைத்துப்போவார், வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக எதற்கும் சரி என்பார். வெளியிலிருந்து பார்த்தால் தெளிவாகப் பேசுகிற, ஒத்துழைக்கிற ஆள். தொடரில் அந்த வாக்குமூலக் காட்சியில் பின்னணி இசை ஏறும், துப்பறிபவர் நாற்காலியில் சாய்வார். அந்த இடத்தில்தான் என் சந்தேகம் தொடங்கும்.

அடுத்தது குடும்பம். முதலில் மாற்றத்தைக் கவனிப்பவர்கள் அவர்கள்தான். நீதிமன்றத்தில் மிகவும் பயன்படுவதும், 'விபத்துக்கு முன்னால் இவர் குரலை உயர்த்திப் பேசிக் கேட்டதில்லை' என்ற மாதிரி சாட்சியங்கள்தான். ஆனால் பல சமயம் கொல்லப்பட்டவரும் அதே குடும்பம். யாருக்காகச் சாட்சி சொல்வது என்று தவிக்கும் மகளை வைத்து ஒரு முழு சீசன் எடுக்கலாம். ஏனோ எடுப்பதில்லை.

அடிபட்டவர் பல வருடம் கோமாவில் இருந்து இறந்தால், அடித்தவர் மீது கொலை வழக்கு வருமா?

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வராது. அடித்து ஒரு வருடமும் ஒரு நாளும் கழிந்து இறந்தால் கொலை இல்லை என்பது நூற்றாண்டுகள் பழைய விதி. காரணத்தை நிரூபிக்க மருத்துவம் இல்லாத காலத்து ஏற்பாடு. செயற்கைச் சுவாசக் கருவிகள் வந்து, ஒருவரைப் பல வருடம் உயிரோடு வைக்க முடிந்த பிறகு அது அபத்தமாகி, 1996-ல் ஒழிக்கப்பட்டது. இப்போது அந்த அடிக்கும் மரணத்துக்கும் இடையே உள்ள தொடர்பை நிரூபித்தால் போதும். மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, அதே தாக்குதலுக்கு அடித்தவர் ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்தாலோ, அட்டர்னி ஜெனரலின் சம்மதம் இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. தாக்கியதற்காகச் சிறை சென்று திரும்பி வந்தவர் வீட்டுக் கதவை மறுபடி போலீஸ் தட்டும் காட்சிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.